சிகிச்சை முடிந்து முடி வந்துவிட்டது, ஆனால் கண்ணாடியில் இருப்பது நானில்லை

கடலோரக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ முடிந்து ஒரு வருடத்துக்குக் கிட்ட ஆகிறது. ஸ்கேன் எல்லாம் நன்றாக இருக்கிறது, அந்தக் கவலையை எழுத வரவில்லை. முடியைப் பற்றித்தான் எழுத வந்தேன், ஏனென்றால் வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே "உயிர் பொழச்சு வந்திருக்க, முடி என்னடி முடி" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள்.

எனக்கு இடுப்பு வரை நேரான, கனமான முடி. வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலுக்குப் போகும்போது இரண்டு முழம் மல்லி வைத்தாலும் தாங்கும். முதல் கீமோ போட்டு இரண்டு வாரம் கழித்துக் கொட்ட ஆரம்பித்தது. கொட்டும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ஆனால் அதற்கு முன்னால் தலைத்தோலே வலிக்கும், தலையணையில் சாய்க்க முடியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. மூக்கில் இருக்கும் முடி கூடப் போய், சளி பிடிக்காமலே மூக்கு ஒழுகும் என்றும் சொல்லவில்லை. இமை முடி போனபின் மணலி ரோட்டில் ஆட்டோவில் போனால் லாரி கிளப்பும் தூசி மொத்தமும் கண்ணுக்குள் இறங்கும். தலையைத் துணியால் மூடிக்கொள்ளலாம், புருவத்தை என்ன செய்வது? புருவம் இல்லாத முகத்தில் பொட்டை எந்த இடத்தில் வைப்பது என்றே பிடிபடாது, எங்கே வைத்தாலும் கோணலாகத்தான் தெரிந்தது.

சரி, அதெல்லாம் முடிந்தது, இப்போது வளர்கிறது. ஆனால் வருவது சுருட்டை முடி. எங்கள் குடும்பத்தில் யாருக்குமே சுருட்டை கிடையாது. முன்னால் ஒரு கை அகலத்துக்கு நரை, பிடரியில் பிறந்த குழந்தைக்கு இருப்பது போல் மெல்லிசாக. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை எனக்கு, பின்னால் முழுக்கக் கண்ணாடி. நிமிரும்போதெல்லாம் யாரோ ஒரு அம்மா அங்கே நிற்பதாக நினைக்கிறேன், அப்புறம்தான் நான் என்று உறைக்கிறது. முடி இல்லாதபோது கூட இப்படி ஆனதில்லை. அப்போது நான் ஒரு நோயாளி, அது முகத்தில் தெரிந்தது, புரிந்தது. இப்போது நோயும் இல்லை, பழைய நானும் இல்லை.

இந்தச் சுருட்டை இப்படியே இருந்துவிடுமா? டை அடிக்கலாமா? உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் எழுதுங்கள்.

வார்டு_செவிலி எழுதியது:

அன்புத் தங்கைக்கு, நான் ஓய்வு பெற்ற செவிலி, கொருக்குப்பேட்டை. கீமோ வார்டில் பல வருடம் இருந்தேன். முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறேன். சுருட்டையாக வருவது மிகவும் சகஜம். கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். புற்றுச் செல் வேகமாகப் பெருகும், முடி வேரில் இருக்கும் செல்லும் அப்படித்தான், வாய்க்குள் இருக்கும் தோலும் அப்படித்தான். அதனால்தான் முடி கொட்டும்போதே வாய்ப்புண்ணும் வருகிறது. அடிபட்ட வேர் மறுபடி வேலையைத் தொடங்கும்போது முதலில் வரும் முடியின் பருமனும் வளைவும் மாறியிருக்கும். நிறம் கொடுக்கும் செல்லும் அடி வாங்கியிருப்பதால் நரையாகவோ சாம்பல் நிறமாகவோ வரும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் இந்தச் சுருட்டை தளர்ந்து பழைய முடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். சிலருக்கு அப்படியே தங்கிவிடுவதும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும், ஆகவே இடுப்பு வரை என்றால் சில வருடங்கள் பிடிக்கும்.

டை விஷயத்தில், கீமோ முடிந்து குறைந்தது ஆறு மாதம் பொறுக்கச் சொல்வார்கள். உங்களுக்கு அது தாண்டிவிட்டது. ஆனாலும் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டு அடியுங்கள். கறுப்பு டை பெரும்பாலானவற்றில் பிபிடி என்ற ரசாயனம் இருக்கிறது, உடனே கறுப்பாகப் பிடிக்கும் "கறுப்பு மருதாணி"யிலும் அதைக் கலக்கிறார்கள். முன்னால் ஒத்துக்கொண்ட தோல் இப்போது ஒத்துக்கொள்ளாமல் போகலாம், முகமே வீங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. டமாக்சிபென், லெட்ரோசோல் மாதிரி ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதனாலும் வகிடு பக்கம் முடி மெலியும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். முடியை விட மாத்திரை முக்கியம் என்று உங்கள் வாயை அடைப்பதற்காகச் சொல்லவில்லை. முடிக்குத் தனியாக வழி தேடலாம், தோல் டாக்டரிடம் போகலாம், முடி வளரக் கொடுக்கும் மினாக்சிடில் மருந்து தேவையா என்று அவர் பார்த்துச் சொல்வார்.

எண்ணூர்த்_தம்பி எழுதியது:

அக்கா, உங்கள் கஷ்டத்தோடு என்னுடையதை ஒப்பிடவே கூடாது. ஆனால் கண்ணாடி பற்றி எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு மழைக்காலத்தில் டெங்கு. ரத்தத்தில் தட்டணு இறங்கி ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்துவிட்டேன், வேலைக்கும் போய்விட்டேன். பொங்கல் முடிந்தபின் குளித்தால் கை நிறைய முடி. சாக்கடை மூடியை அடைத்துக்கொள்ளும் அளவுக்கு. வீட்டில் போர் தண்ணியால்தான் என்றார்கள், கேன் தண்ணியில் தலைக்குக் குளித்தேன். ஹெல்மெட்டால் என்றார்கள், வேர்வையால் என்றார்கள். டெங்கு வந்து மாதக்கணக்கில் ஆகிவிட்டதால் அதைச் சந்தேகப்படவே யாருக்கும் தோன்றவில்லை. யூடியூபில் பார்த்து எண்ணெய், பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை, காசு கரைந்ததுதான் மிச்சம்.

கடைசியில் ஸ்டான்லியில் தோல் ஓ.பி.க்குப் போனேன். அந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே "மூணு மாசம் முன்னாடி காய்ச்சல் வந்துச்சா?" என்பதுதான். விரல்களால் ஒரு கொத்து முடியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார், வந்த முடியின் வேர்ப்பக்க நுனியில் வெள்ளையாக ஒரு முடிச்சு. அதைக் காட்டி விளக்கினார். தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கும், எப்போதும் பத்தில் ஒரு பங்குதான் ஓய்வில் இருக்கும், அது தினமும் ஐம்பது நூறு என்று உதிரும். பெரிய காய்ச்சல் வந்தால் உடம்பு ஒரேயடியாக நிறைய முடியை ஓய்வுக்கு அனுப்பிவிடும், அதெல்லாம் இரண்டு மூன்று மாதம் கழித்துச் சேர்ந்து விழும். டைபாய்டு, கொரோனா, பிரசவம், பெரிய ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் இதே கதைதானாம். வேர் சாகவில்லை, ஆறு மாதத்துக்குள் உதிர்வது குறையும் என்றார். ரத்தத்தில் இரும்புச் சேமிப்பும் தைராய்டும் மட்டும் பார்க்கச் சொன்னார்.

இது தெரிந்தபின் பாதி பயம் போனது. மீதிப் பாதி போகவில்லை, அதைத்தான் சொல்ல வந்தேன். வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டோ எடுக்க வேண்டாம், தள்ளிப் போடுங்கள் என்றேன். ஆம்பளைக்கு என்ன முடி என்று அப்பா சத்தம் போட்டார். நண்பன் கல்யாண வரவேற்புக்கு மண்டபம் வாசல் வரை போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். ஹெல்மெட்டைக் கழற்ற மனசு வரவில்லை.

வார்டு_செவிலி எழுதியது:

தம்பி, உங்கள் டாக்டர் சொன்னது அத்தனையும் சரி. பயோட்டின் பற்றி ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதிக அளவு பயோட்டின் சாப்பிட்டுக்கொண்டே ரத்தம் கொடுத்தால் தைராய்டு முடிவைத் தப்பாகக் காட்டும். மாத்திரை சாப்பிடுவதை லேபிலும் டாக்டரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பெரம்பூர்_லோகோ எழுதியது:

எல்லோரும் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். என் அம்மா இதே நோயில் போய்விட்டார். மொட்டைத் தலையோடாவது அவர் இன்றைக்கு வாசலில் உட்கார்ந்திருந்தால் எனக்குப் போதும். உங்கள் வீட்டில் "உயிர் பொழச்சியே" என்று சொல்வது வாயை அடைக்க இல்லை, அவர்கள் பயந்து போயிருக்கிறார்கள். முடி பற்றிப் பேசும் ஒவ்வொரு தடவையும் அந்த ஆஸ்பத்திரி வராண்டாதான் அவர்களுக்கு நினைவு வரும். நமக்கு வேண்டியவர்கள் உயிரோடு இருக்கும்போது முடியைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டாம் என்பது என் எண்ணம்.

திருவொற்றியூர்_அம்மா எழுதியது:

பெரம்பூர் சகோதரருக்கு, உங்கள் அம்மாவை நினைத்து எழுதியிருக்கிறீர்கள், அந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உயிர் பெரிதா முடி பெரிதா என்று யாரும் இங்கே கேட்கவில்லை. உயிரோடு இருப்பவள்தான் தினமும் காலையில் தலைவாரிக்கொண்டு நாலு பேர் முன்னால் போய் நிற்க வேண்டும். உயிர் தப்பியதற்காக அவள் மீதி எல்லாவற்றுக்கும் வருத்தப்படும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாளா என்ன?

என் மகளுக்கு எட்டாம் வகுப்பில் புழுவெட்டு வந்தது. முதலில் ஒரு ரூபாய் அளவு, அப்புறம் நாலைந்து இடத்தில். பாட்டி சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்த்து அந்த இடமெல்லாம் எரிந்து புண்ணாகிவிட்டது. டாக்டரிடம் போனபின்தான், இது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் முடி வேரைத் தாக்குவதால் வருவது, பூச்சியும் கிடையாது, தொற்றவும் செய்யாது என்று தெரிந்தது. வழுக்கை விழுந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாக முளைத்தது, வேறொரு இடத்தில் போனது. தலை முழுக்கப் போனவர்களுக்கு பாரிசிட்டினிப் என்ற மாத்திரை வந்திருக்கிறது, அமெரிக்காவில் 2022-இல் இதற்கென்று அனுமதி கொடுத்தார்கள் என்று டாக்டர் சொன்னார், அவளுக்கு அது தேவைப்படவில்லை.

மருந்தை விடப் பள்ளிக்கூடம்தான் பெரிய பாடாக இருந்தது. இரட்டைச் சடை, மடித்து ரிப்பன் கட்ட வேண்டும். வகிடு எடுத்தால் வழுக்கை தெரியும். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை தனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று இடம் மாறிப் போய்விட்டாள். மொட்டை அடித்துவிடலாமா என்று நாங்கள் கேட்டபோது இவள் சொன்னாள், "எந்தக் கோயிலுக்குன்னு எல்லாரும் கேப்பாங்கம்மா, நான் பொய் சொல்லணும்." பதின்மூன்று வயதுப் பிள்ளை இதை யோசித்து வைத்திருக்கிறாள். அவளிடம் போய் உயிர் இருக்கிறதே என்று சொல்வீர்களா?

டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன், ஸ்கார்ஃப் கட்டிக்கொள்ள அனுமதித்தார்கள். வகுப்பில் இது தொற்றாது என்று ஒரு டீச்சர் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னார். அந்த ஐந்து நிமிடப் பேச்சு ஊசியை விட அதிகம் வேலை செய்தது.

கடலோரக்காற்று எழுதியது:

அம்மா, உங்கள் மகள் சொன்ன அந்தக் கோயில் விஷயத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் இதேதான். "திருப்பதியா, திருத்தணியா?" என்று தெருவில் கேட்பார்கள். திருப்பதி என்று சொல்லிவிடுவேன். நம் ஊரில் மொட்டை போட்ட பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், வேண்டுதல் என்று நினைத்துக்கொள்வார்கள், அது எனக்கு ஒரு பெரிய மறைப்பாக இருந்தது. அதே சமயம் "எதுக்கு வேண்டுதல், நல்ல காரியமா?" என்று அடுத்த கேள்வி வரும்போது தொண்டை அடைக்கும். சந்தனம் கூடப் பூசிக்கொண்டு வெளியே போயிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அடுத்த நாளே "அவங்க அடையாறு போறாங்களாம்" என்று தெரு முழுக்கப் பரவிவிடும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அந்த அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியை 1954-இல் கொண்டுவந்ததே தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தபின்தான். எத்தனையோ பேர் அங்கே போய் நல்லபடியாகத் திரும்பியிருக்கிறார்கள். ஆனாலும் தெருவில் அந்தப் பேரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

பெரம்பூர் அண்ணா, உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வீட்டில் எல்லோரும் பயந்து போயிருக்கிறார்கள் என்பது நிஜம்தான். ஆனால் அவர்கள் பயத்துக்காக நான் பேசாமல் இருந்தால், நான் யாரிடம் பேசுவது?

அடுத்த மாதம் தங்கை கல்யாணம். எல்லோரும் சவுரி வைத்துப் பின்னிக்கொள், இல்லாவிட்டால் விக் வாங்கிக்கொள் என்கிறார்கள். சவுரியை முடிய இந்த முடிக்கு நீளம் போதாது. விக் விசாரித்தேன், உண்மையான முடியில் செய்தது பல ஆயிரம் ரூபாய், நைலானில் செய்தது மலிவு, ஆனால் இந்த வேக்காட்டில் மண்டபத்தில் ஹோமப் புகைக்குப் பக்கத்தில் எப்படித் தாங்குவது?

ராயபுரம்_சலூன் எழுதியது:

இரண்டு தலைமுறையாகக் கடை வைத்திருக்கிறோம், பழைய ரயில் நிலையத்துக்குப் பக்கம். கீமோ தொடங்கும் முன் வீட்டுக்கு வந்து முடி எடுத்துத் தரச் சொல்லி நிறைய பேர் கூப்பிடுகிறார்கள், கடைக்கு வர மனசு வராது. நான் அதற்கு ரேசர் எடுப்பதே இல்லை. மெஷினை மட்டும் போட்டுக் குட்டையாக எடுத்துவிடுவேன். கீமோவில் நோயை எதிர்க்கும் வெள்ளை அணு இறங்கும், அப்போது சின்னக் கீறல் இருந்தாலும் சீழ் பிடிக்கலாம். வீட்டில் நீங்களே எடுப்பதாக இருந்தாலும் பிளேடு வேண்டாம்.

அப்புறம், முளைத்து வரும்போது மறுபடி மறுபடி மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும் என்று சொல்வார்கள். வராது. வெட்டிய முனை மொண்ணையாக இருப்பதால் கையில் தடிப்பாகத் தெரியும், அவ்வளவுதான், வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. அடிக்கடி மழிக்காமல் வளரவிடுங்கள். அந்தச் சகோதரிக்கு என் யோசனை, பிடரியிலும் காது ஓரத்திலும் மட்டும் சீர் செய்து, மேலே இருக்கும் சுருட்டையை அப்படியே விட்டால் அது ஒரு வெட்டாகத் தெரியும், நோயில் வந்ததாகத் தெரியாது. எண்ணெய் அதிகம் வைத்துப் படிய வாராதீர்கள், படிய வாரினால்தான் மெல்லிசாகத் தெரியும். கல்யாணத்துக்கு அலங்காரம் வேண்டும் என்றால் இருக்கும் முடியைக் கிளிப் போட்டுப் பின்னால் ஒதுக்கி நிறுத்தலாம், அதைச் சுற்றிப் பூ வைக்கலாம், விக் தேவைப்படாது.

ஆம்பளைகளும் இதில் உண்டு, அதை யாரும் எழுதவில்லை. காசிமேட்டில் விசைப்படகில் போகிற ஒருவர், நல்ல முறுக்கு மீசை. மீசை போனதும் துறைமுகத்துப் பக்கமே வருவதை நிறுத்திவிட்டார். தலைக்குத் தொப்பி போட்டுக்கொள்ளலாம், மீசைக்கு என்ன போடுவது என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, தினமும் கடையை அடைத்துவிட்டு அவர் வீட்டில் போய்க் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு வருவேன்.

வியாசர்பாடி_85 எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். என் மனைவிக்கு அடுத்த வாரம் முதல் கீமோ. அவள் இன்னும் அழவில்லை, சடையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். நான் என்ன சொல்ல வேண்டும், என்ன வாங்கி வைக்க வேண்டும்? கொட்டாமல் தடுக்க ஏதாவது வழி உண்டா? ஆறு வயதில் மகள் இருக்கிறாள்.

வார்டு_செவிலி எழுதியது:

தம்பி, எல்லாக் கீமோவிலும் முடி கொட்டாது, மருந்தைப் பொறுத்தது. சீட்டில் டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைட், பேக்லிடாக்சல், டோசிடாக்சல் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அநேகமாகக் கொட்டும். தலைத்தோலைக் குளிரவைக்கும் தொப்பி ஒன்று இருக்கிறது. மருந்து ஏறும்போது அதைப் போட்டால் அங்கே ரத்த ஓட்டம் குறைந்து, வேருக்குப் போகும் மருந்தும் குறையும். ரத்தப் புற்றுநோய்க்கு அதைப் போட மாட்டார்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது, செலவும் உண்டு, எல்லோருக்கும் முழுசாகப் பலிக்காது, ஆனாலும் முதல் கீமோவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள், அப்புறம் கேட்டுப் பயனில்லை.

கடலோரக்காற்று எழுதியது:

தம்பி, என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். "பரவாயில்லை, வளர்ந்துடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது அவளுக்கே தெரியும். அவள் முடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சை மாற்றாமல் கேளுங்கள். முடியை முன்கூட்டியே குட்டையாக வெட்டலாமா என்பதை அவளே முடிவு பண்ணட்டும், நீங்களோ மாமியாரோ சொல்ல வேண்டாம். வெட்டினால் அந்தச் சடையை வைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேளுங்கள், நான் வைத்திருக்கிறேன்.

இப்போதே புருவத்தைக் கிட்டத்தில் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள், பிறகு பென்சிலால் வரையும்போது அதைப் பார்த்து வரையலாம். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. எம்.சி. ரோட்டில் மெல்லிய பருத்தித் துணி மீட்டர் கணக்கில் கிடைக்கும், சதுரமாக வெட்டி ஓரம் அடித்தால் ஸ்கார்ஃப், பாலியஸ்டர் வாங்காதீர்கள், வழுக்கிக்கொண்டே இருக்கும், வேர்க்கும். தலையணைக்கு வழவழப்பான உறை ஒன்று. வெயிலில் போனால் குடை, மூடாத தலை சீக்கிரம் சுட்டுவிடும்.

மகளிடம் கொட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அம்மாவுக்கு நோயை விரட்டும் மருந்து போடப் போகிறார்கள், அந்த மருந்தால் முடி விழும், அம்மாவுக்கு அது வலிக்காது, திரும்ப வரும் என்று. உண்மையில் கொஞ்சம் வலிக்கும்தான், ஆனால் குழந்தைக்கு அவ்வளவு போதும். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்றும் சொல்லிக் கொடுங்கள்.

வியாசர்பாடி_85 எழுதியது:

சீட்டைப் பார்த்தேன் அம்மா, டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைட் இரண்டும் இருக்கிறது. புருவப் போட்டோ இன்றைக்கே எடுத்துவிடுகிறேன். ராயபுரம் அண்ணா, வியாசர்பாடிக்கு வருவீர்களா? ஞாயிற்றுக்கிழமை மகள் பாட்டி வீட்டுக்குப் போயிருப்பாள்.

ராயபுரம்_சலூன் எழுதியது:

வருகிறேன் தம்பி. மகள் வீட்டில் இருக்கும்போது கூப்பிடுவது நல்லது என்று எனக்குப் படுகிறது, பிள்ளைகள் திடீரென்று பார்த்தால்தான் பயப்படுவார்கள். ஆனால் அதையும் தங்கச்சியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நேரத்தைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், காசு எதுவும் வேண்டாம்.